இருபத்து நான்கு கிராம் குண்டு

ஆகஸ்ட் 5, 2025. செவ்வாய்

இன்று இரண்டு பெட்டி ரப்பர் வளையத்தைத் திருப்பி அனுப்பினேன். அரை மில்லிமீட்டர் வித்தியாசம். மேனேஜர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். பெட்டாலிங் ஜெயாவில் ஒரே தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகத் தரம் பார்க்கிறவன் நான். எனக்கு அரை மில்லிமீட்டர் என்றால் அரை மைல்.

சாப்பாட்டு நேரத்தில் பெர்த்திலிருந்து ஜெயந்திரன் ஒரு படம் அனுப்பினான். பிரிக்ஃபீல்ட்ஸில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். இப்போது அங்கே பண்ணை ஓரமாக வீடு, ஒரு ரைபிள், சனிக்கிழமை ஆனால் வேட்டை. தன் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்கிறான். மருந்தைத் தராசில் அளந்து, குண்டை உட்கார வைத்து, நெம்புகோலை இழுத்து அழுத்தி மூட வேண்டுமாம். படத்தில் எட்டு தோட்டாக்கள், கல்யாண வீட்டில் அடுக்கிய லட்டு மாதிரி. "கனமான குண்டை விட்டுட்டேன் சுகு. இப்ப எல்லாம் இலேசு. வேகம் கூட, உதை கம்மி. போன வாரம் ஒரு பன்னி, நின்ன இடத்திலேயே விழுந்துச்சு."

வயிறு எரிந்தது. இங்கே வீட்டில் தோட்டா நிரப்பினால் என் துப்பாக்கி லைசென்ஸ் மட்டுமா போகும், நானும் உள்ளே போவேன். கடையில் இருப்பதை வாங்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லவேண்டும்.

ஆனால் "உதை கம்மி" என்ற சொல் மனதை விட்டுப் போகவில்லை. மச்சானை நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6. புதன்

மச்சான் என்றால் சீதாவின் அண்ணன் பழனியப்பன். வயது அறுபத்து மூன்று. செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேரி தீவுக்குப் போகும் வழியில், பாலத்துக்கு இந்தப் பக்கம் நான்கு ஏக்கர் வைத்திருக்கிறார். கிழட்டு மரங்களை வெட்டிவிட்டுப் போன வருடம் இருநூற்று இருபது கன்றுகள் நட்டார். பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை என்பாள் சீதா. இந்த மூன்று மாதத்தில் காட்டுப் பன்றி முப்பத்தேழு கன்றைத் தோண்டிக் குருத்தைத் தின்றுவிட்டது.

அனுமதி இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது. தோள்தான் இல்லை. ஆலையில் பழக்குலை ஏற்றும் இரும்புக்கூண்டு இடித்த வலது தோள். முப்பத்திரண்டு கிராம் குண்டுத் தோட்டாவைப் போட்டால் வெடிக்கும் முன்பே உடம்பு முறுக்கிக்கொள்கிறது. உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், மூடத்தான் செய்தார். குண்டு எங்கேயோ போகிறது. பன்றி நிதானமாக நடந்து போகிறது.

இலேசான குண்டு கிடைத்தால்?

ஆகஸ்ட் 8. வெள்ளி

இருக்கிறது! கிள்ளான் கடைக்காரரிடம் இருபத்து நான்கு கிராம் குண்டுத் தோட்டா இருக்கிறது! "யாரும் கேக்கறதில்ல பாஸ், அதான் உள்ளே வெச்சிருக்கேன்" என்றார். அதே கம்பெனி, அதே பச்சை உறை, அதே பித்தளை அடி. உறையில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் எண் மட்டும் வேறு. இரண்டிலும் பத்துப் பத்து வாங்கினேன். வண்டியில் விசில் அடித்துக்கொண்டே வந்தேன். சீதா, "சம்பளம் கூட்டிட்டாங்களா?" என்றாள்.

ஆகஸ்ட் 9. சனி

இடுப்பில் கட்டும் தோட்டா வாரைச் சாப்பாட்டு மேசைமேல் நீட்டி விரித்தேன். இடது பக்கம் இலேசு நான்கு, வலது பக்கம் கனம் நான்கு. கலக்காமல் இருக்க இதைவிட ஒழுங்கான வழி இல்லை. பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து ஜெயந்திரனுக்கு அனுப்பினேன். "பரிசோதனை நாளை காலை எட்டு மணிக்கு" என்று கீழே எழுதினேன். அவன் சிரிக்கிற முகம் போட்டான். சிரிக்கட்டும். அவனிடம் தராசு இருக்கலாம், என்னிடம் முறை இருக்கிறது.

சீதா இட்லித் தட்டோடு வந்து மேசையைப் பார்த்துவிட்டு நின்றாள். "இங்கதான் சாப்பிடணும், ஞாபகம் இருக்கா?" என்றாள். ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 10. ஞாயிறு

என்ன நாள்! என்ன நாள்!

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் எனக்கு முன்னால் யாரும் இல்லை. நாற்பது மீட்டரில் இரண்டு அட்டை கட்டினேன். வாரை மாட்டிக்கொண்டு, முதலில் வலது பக்கத்துக் கனத்தை எடுத்துச் சுட்டேன். நான்கு வெடி. தோளில் இடி இறங்கியது போல இருந்தது. அட்டையைப் போய்ப் பார்த்தால் ஒன்று மேலே, இரண்டு ஓரத்தில், ஒன்று அட்டையிலேயே இல்லை. அளந்தேன், முப்பத்தெட்டு சென்டிமீட்டர் பரப்பு. அட்டைக்கு வெளியே போனதைச் சேர்க்காமல்.

பிறகு இடது பக்கத்து இலேசு. ஆகா! உதையா அது, குழந்தை தள்ளுகிற மாதிரி. நான்கு குண்டும் என் உள்ளங்கைக்குள் அடங்கியது. பதினோரு சென்டிமீட்டர்! நானே நம்பவில்லை, மறுபடி அளந்தேன். பதினொன்றேதான்.

வேகமாகப் போகிற குண்டு நேராகப் போகிறது, உதை குறைந்தால் கை அசையாமல் நிற்கிறது, அவ்வளவுதான் விஷயம். நோட்டில் அட்டவணை போட்டேன். தேதி, காற்று, தூரம், எடை, பரப்பு, உதை. கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: "24 கிராம் — ஏற்கப்பட்டது."

தொழிற்சாலையில் அந்தச் சொல்லை நான் சும்மா எழுதுவதில்லை.

ஆகஸ்ட் 12. செவ்வாய்

அட்டவணையை ஜெயந்திரனுக்கு அனுப்பியிருந்தேன். பாராட்டுவான் என்று பார்த்தால் பாடம் எடுக்கிறான். "நல்லா இருக்கு சுகு. ஆனா இது உன் துப்பாக்கி. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு நாக்கு உண்டு. நான் எத்தனை தோட்டா நிரப்பி எறிஞ்சிருக்கேன் தெரியுமா? என் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பிடிச்ச குண்டு என் ரைபிளுக்கு ஆகல. உன் மச்சான் துப்பாக்கியிலேயும் ஒரு தடவ போட்டுப் பாரு."

இரண்டும் பன்னிரண்டு போர் அளவு, இரண்டும் ஒற்றைக்குழல். என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது? பெர்த்துக்குப் போனதும் எல்லாருக்கும் வாத்தியார் வேலை வந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 13. புதன்

மச்சானிடம் சொன்னேன். போனில் அவர் குரலே மாறிவிட்டது. "நெசமாவா மாப்ளே? தோள் நோவாதா?" அவர் லைசென்ஸில் தோட்டாவை அவரே போய் வாங்கி வருகிறார். நாளையே போகிறாராம். அறுபத்து மூன்று வயது மனிதர் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற பிள்ளை மாதிரிப் பேசினார். எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 17. ஞாயிறு

விடிந்தும் விடியாத நேரத்தில் கன்றுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மச்சான், நான், பக்கத்து நிலத்து விஜயன். ஏழு மணிக்குக் கால்வாய் ஓரமாக ஒன்று வந்தது. நல்ல கொழுத்த ஆண் பன்றி. முப்பது மீட்டர். மச்சான் சுட்டார்.

போய்விட்டது. சேற்றில் குண்டு பட்ட இடம் பன்றி நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

"தோள் நோவல மாப்ளே. கண்ணையும் மூடல. ஆனா படல" என்றார்.

முதல் தடவை. கை பழக வேண்டாமா?

ஆகஸ்ட் 20. புதன்

இரண்டு கன்று போய்விட்டது என்று விஜயன் செய்தி அனுப்பினார். முப்பத்தொன்பது.

ஆகஸ்ட் 24. ஞாயிறு

மறுபடியும் விட்டுவிட்டார். இரண்டு தடவை. முதல் தடவை இருபத்தைந்து மீட்டரில். இருபத்தைந்து! கல்லெறிந்தாலே பட்டிருக்கும். அதே பன்றி, முதுகில் வெள்ளைத் தழும்பு.

பிறகு பசியாறப் போனோம். சாலை முனையில் மச்சான் வழக்கமாக உட்காரும் ரொட்டி சானாய் கடை. விஜயன் இருந்தார், ஆலையில் மச்சானோடு வேலை செய்த சின்னையா இருந்தார், இன்னும் இரண்டு பேர். சின்னையா சும்மா இருக்காமல், "என்ன பழனி, மாப்ள கொடுத்த கொசு குண்டு எப்படி?" என்று சீண்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. என் அட்டவணையைப் பற்றி யாரும் அப்படிப் பேசக்கூடாது. "குண்டுல ஒண்ணும் குத்தமில்ல. பதினோரு சென்டி, நானே அளந்தேன். மச்சான் கண்ணைத்தான் காட்டணும் லா. வயசாச்சுல்ல" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். தே தாரிக் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சரி, உண்மை உண்மைதானே. எண்கள் பொய் சொல்லுமா?

ஆகஸ்ட் 28. வியாழன்

சீதா இன்று என்னோடு சரியாகப் பேசவில்லை. கேட்டால், "அண்ணன் கண் டாக்டர்கிட்ட போயிருக்காரு. கண்ணுல ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னாராம். அப்ப கை நடுங்குது போலன்னு இவரே முடிவு பண்ணிக்கிட்டாரு. துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடப் போறாராம்" என்றாள்.

"லைசென்ஸையேவா?"

"ஆமா. புதுப்பிக்கிற நேரமாம். இந்த லீவு முடிஞ்சு செவ்வாய்க்கிழமை போறாராம். நெலத்தையும் யாருக்காச்சும் கொடுத்திடலாமான்னு அண்ணிகிட்ட கேட்டிருக்காரு." பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். திரும்பவில்லை. "அந்தக் கடையில நீங்க என்னா சொன்னீங்கன்னும் அண்ணி சொன்னாங்க."

என்ன சொல்வது? தரம் குறைந்தால் தரம் குறைந்தது என்றுதானே சொல்லமுடியும்?

ஆனால் அந்த நிலத்தைக் கொடுத்துவிட்டால் அவர் என்ன செய்வார்? காலையில் எழுந்து எங்கே போவார்?

ஆகஸ்ட் 30. சனி

நாளை மறுபடி ரேஞ்சுக்குப் போகிறேன். மிச்சம் இலேசு ஆறு, கனம் ஆறு. மூன்று மூன்று சுட்டு, இந்தத் தடவை உறையில் இருக்கிற எண்ணையும் பெட்டி எண்ணையும் சேர்த்தே எழுதப் போகிறேன். மச்சான் கையில் அட்டவணையை வைத்துவிட வேண்டும். குண்டு சரியாகத்தான் போகிறது, கொஞ்சம் பழகினால் போதும், துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லவேண்டும். பாருங்கள், அவர் நல்லதற்குத்தான் போகிறேன்.

போன தடவை மாதிரியே வாரை மேசைமேல் விரித்து அடுக்கினேன். இடது இலேசு, வலது கனம். படம் எடுக்கவில்லை. சீதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 31. ஞாயிறு

சுதந்திர தினம். ஊரெல்லாம் கொடி. வானொலியில் மெர்டேக்கா, மெர்டேக்கா. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எண்ணைக் குறிக்கவேண்டும் என்பதால் இன்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. வழக்கமாகச் சுடும் இடத்துக்கு வந்ததும் கழற்றிவிடுவேன். தூரத்துக்கு எனக்குக் கண்ணாடி வேண்டாம், கிட்டத்துக்குத்தான் வேண்டும். இடது பக்கத்திலிருந்து ஒரு தோட்டாவை உருவினேன், இலேசு. படித்தேன்.

32.

தவறிப் போட்டிருப்பேன் என்று நினைத்து அடுத்ததை உருவினேன். 32. அடுத்தது. 32. வலது பக்கம் கையை விட்டேன். 24. 24. 24.

வீட்டில் நான் போட்டது இடது பக்கம் 24. சத்தியமாக. வாரைக் கழற்றி மேசைமேல் விரித்தேன். இடது பக்கம் 24. சரியாகத்தான் இருக்கிறது! எடுத்து இடுப்பில் மாட்டினேன். இடது பக்கம் 32.

மறுபடி கழற்றினேன். மறுபடி மாட்டினேன். நான்கு தடவை செய்தேன். ரேஞ்சில் வேலை செய்யும் தனேஷ் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "அங்கிள், பெல்ட் டைட்டாயிடுச்சா?" என்று கேட்டான்.

மேசைமேல் இருக்கும்போது வாரின் முகம் என்னைப் பார்க்கிறது. இடுப்பில் கட்டினால் அது வெளியே பார்க்கிறது. திரும்பும்போது இடது வலதாகிவிடுகிறது. இருபது வருடமாக இடுப்பில் கட்டிக்கொண்டுதான் தோட்டா செருகினேன், ஒரு நாளும் தப்பவில்லை. படம் எடுக்கவேண்டும், ஜெயந்திரனிடம் காட்டவேண்டும் என்ற பவிசில் முதல் தடவையாக மேசைமேல் வைத்து அடுக்கினேன்.

ஆக அன்று தோளில் இடி இறக்கியது இருபத்து நான்கு. குழந்தை தள்ளுகிற மாதிரி இருந்தது முப்பத்திரண்டு. உள்ளங்கைக்குள் அடங்கியது முப்பத்திரண்டு. அட்டையை விட்டே ஓடியது இருபத்து நான்கு. உதையைக்கூட நான் உணரவில்லை, எதிர்பார்த்ததை உணர்ந்திருக்கிறேன்.

மூன்று மூன்று சுட்டேன், உரக்கப் படித்துப் படித்து. இலேசு சிதறியது, கனம் ஒன்றாகப் போனது.

மச்சானின் கண் நன்றாக இருக்கிறது. கை நன்றாக இருக்கிறது. சிதறுகிற குண்டை அவர் கையில் கொடுத்து, சிதறியதற்கு அவரையே திட்டியிருக்கிறேன். அதுவும் நாலு பேர் முன்னால். அறிவிருக்கிறதாடா உனக்கு? தரம் பார்க்கிறவனாம். இருபத்தாறு வருடமாம். த்தூ.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

செப்டம்பர் 1. திங்கள்

இன்றும் சொல்லவில்லை. லீவுதான், நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன். சொல்லியிருக்கலாம். வெட்கம். வேறு ஒன்றுமில்லை, வெட்கம்.

செப்டம்பர் 2. செவ்வாய்

வேலைக்குப் போனேன். ஏழரைக்கு வருகை அட்டையைத் தட்டினேன். எட்டே காலுக்கு ஒரு பையன் சோதனைக்கு ஒரு ரப்பர் வளையத்தைக் கொண்டுவந்து, "இது ஓகேயா அண்ணே?" என்று நீட்டினான். வாங்கிப் பார்க்க முடியவில்லை. எதற்கும் ஓகே சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மேனேஜரிடம் வீட்டில் அவசரம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஃபெடரல் ஹைவே நகரவில்லை. மச்சானுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஐந்து தடவை. சீதாவின் அண்ணிக்கு அடித்தேன். "துணியில சுத்தி எடுத்துக்கிட்டு எட்டு மணிக்கே போயிட்டாருப்பா. குளிச்சு, திருநீறு வெச்சுக்கிட்டுப் போனாரு" என்றார்கள். அந்தத் திருநீறு என்னை என்னமோ செய்துவிட்டது. லோரிகளுக்கு நடுவில் ஹாரனை அடித்துக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி ஓட்டினேன்.

காவல் நிலையத்தில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் எண்சீட்டு. பக்கத்தில் துணிச்சுற்று. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வந்தவர் மாதிரி அதன்மேல் ஒரு கையை வைத்திருந்தார். நல்லவேளை, சர்வர் வேலை செய்யவில்லையாம், வரிசை நகரவில்லை. சர்வர் கெட்டதற்காக நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

"மச்சான், கொடுக்காதீங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "உங்க கண்ணு நல்லா இருக்கு. கை நல்லா இருக்கு. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். பெல்ட்டு திரும்பிடுச்சு."

அவருக்குப் புரியவில்லை. என் இடுப்பு வாரைக் கழற்றி அந்தப் பெஞ்சிலேயே விரித்து, இடது வலது காட்டினேன். ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு. கவுண்டருக்குப் போன ஒரு மலாய்க்காரப் பெண் போலீஸ் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மச்சான் முழுக்கக் கேட்டார். வலது கையை முன்னால் நீட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பத்து நாளா, தூங்கி எழுந்ததும் கைய நீட்டிப் பார்ப்பேன் மாப்ளே. ஆடுதான்னு. ஆடல. ஆனா மாப்ள அளந்து சொல்லிட்டாரே, அப்ப ஆடத்தான் செய்யுது, எனக்குத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டேன்."

எண்சீட்டைக் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "வேணாம்" என்றார்.

ஒப்படைக்கவில்லை. ஒப்படைக்கவில்லை! அதுபோதும். வண்டியில் உட்கார்ந்து அழுதேன்.

செப்டம்பர் 5. வெள்ளி

போன் இல்லை. நானும் அடிக்கவில்லை. சீதா மட்டும் இன்று எனக்குத் தோசை சுட்டாள், முறுகலாக.

ஜெயந்திரனுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். கேலி செய்வான் என்று நினைத்தேன். "நான் ஒரு தடவ ரெண்டு டப்பா மருந்துக்கும் மூடிய மாத்திப் போட்டுட்டேன் சுகு. நல்லவேளை, நிரப்பறதுக்கு முன்னால தெரிஞ்சுது. மூணு நாள் அந்த மேசை பக்கமே போகல. இப்ப ஒரு நேரத்தில ஒரு டப்பாதான் மேசையில இருக்கும்" என்று எழுதினான். இத்தனை வருடத்தில் அவன் இதைச் சொன்னதே இல்லை.

செப்டம்பர் 11. வியாழன்

மச்சான் அடித்தார்! சாயங்காலம் ஆறு மணிக்கு. நலம் விசாரிக்கவில்லை, நேராக வந்தார். "ஞாயித்துக்கிழமை கடைக்கு வா. அன்னிக்கு இருந்தவங்க எல்லாரும் இருப்பாங்க. எங்கிட்ட சொன்னத அங்க சொல்லு."

"சரி மச்சான்."

"பெல்ட்டையும் கொண்டா" என்றார். வைத்துவிட்டார்.

செப்டம்பர் 14. ஞாயிறு

சொன்னேன். உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியவில்லை, எழுந்து நின்றேன். ரொட்டி போடுகிற பையன் மாவை வீசுவதை நிறுத்திவிட்டான்.

"மச்சான் கண்ணுல குத்தமில்ல. கையில குத்தமில்ல. குண்டு மாறினது என்னாலதான். நான் தப்பா அளந்துட்டு, அவர வயசாச்சுன்னு சொன்னேன்" என்றேன். வாரை மேசையில் விரித்துக் காட்டினேன். சின்னையாவுக்கு முதலில் புரியவில்லை. தானே எழுந்து இடுப்பில் கட்டிப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, கடையே ஆடியது. விஜயன் வாங்கிக் கட்டிப் பார்த்தார். தேநீர் போடுகிறவரும் கட்டிப் பார்த்தார். அரை மணி நேரம் என் வார் அந்தக் கடையில் இடுப்பு இடுப்பாகப் போனது.

மச்சான் சிரிக்கவில்லை. தன் தே தாரிக்கைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு, "என் துப்பாக்கியில எது போகுதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அதப் பார்ப்போமா?" என்றார்.

எனக்குச் சொல்லமுடியாத சந்தோஷம்.

செப்டம்பர் 21. ஞாயிறு

ரேஞ்ச். மச்சானின் துப்பாக்கி, மச்சானின் தோள். நான் சுடவில்லை, தொடவுமில்லை. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வகைத் தோட்டாதான். ஜெயந்திரன் முறை.

முதலில் இலேசு மூன்று. இருபத்தாறு சென்டிமீட்டர். பிறகு கனம் மூன்று. சீதா கொடுத்துவிட்ட பழைய துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டார். முதல் வெடிக்கே முகம் சுருங்கியது. ஆனால் கண்ணை மூடவில்லை! நான் அட்டையைப் பார்க்கவே இல்லை, அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது சென்டிமீட்டர். என்னுடையதைவிடச் சிறிது!

"வலிக்குதா மச்சான்?"

"வலிக்காம இருக்குமா? வலிக்குது" என்றார். தோளைத் தேய்த்துக்கொண்டே அட்டையைப் பார்த்தார். "ஆனா இது எங்க போகும்னு இப்ப தெரியுது. தெரிஞ்சா தாங்கிக்கலாம் லா."

அட்டவணையை அவரே எழுதினார். என்னிடம் பேனாவைக் கேட்டு வாங்கி எழுதினார். கடைசிக் கட்டத்தில் "ஏற்கப்பட்டது" என்று எழுதுவாரா என்று எட்டிப் பார்த்தேன். "பார்ப்போம்" என்று எழுதியிருந்தார்.

செப்டம்பர் 25. வியாழன்

லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டாராம். சீதாதான் சொன்னாள். சமையலறையில் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே சொன்னாள்.

செப்டம்பர் 28. ஞாயிறு

ஐந்தே முக்காலுக்கே நிலத்தில் இருந்தோம். என் துப்பாக்கியை எடுத்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் மச்சான். "நீ பின்னால உக்காரு. கண்ணாடிய மாட்டிக்க. நான் கேக்கும்போது ஒண்ணொண்ணா எடுத்துக் கொடு. கொடுக்கறதுக்கு முன்னால படிச்சிட்டுக் கொடு."

"மனசுக்குள்ளயா?"

"எனக்குக் கேக்கற மாதிரி."

இருபது வருடமாக வேட்டைக்குப் போகிறவன், தோட்டா எடுத்துக் கொடுக்கிற ஆளாக அவர் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், என் வாழ்க்கையில் அவ்வளவு படபடப்பாக ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஒரு தோட்டாவை எடுத்து மூன்று தடவை படித்தேன். அவர் காதருகில் குனிந்து "முப்பத்திரண்டு" என்றேன். பின்னால் கையை நீட்டி வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஏழு பத்துக்கு வந்தது. முதுகில் வெள்ளைத் தழும்பு. நேராகக் கன்றுகளுக்குள் வந்து ஒன்றின் அடியை முகர்ந்தது. மச்சானின் தோளில் துண்டு. மூச்சு விடுகிறாரா என்று தெரியவில்லை. நான் விடவில்லை.

வெடித்தது.

பன்றி இரண்டடி ஓடியது. முன்கால் மடங்கியது. விழுந்தது. எழவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் விஜயன் ஓவென்று கத்தினார். நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. எழுந்து ஓடப் பார்த்தேன்.

மச்சான் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். பன்றியைப் பார்க்கவில்லை. குழலை மடித்து, புகை வருகிற வெற்று உறையை உருவி என் உள்ளங்கையில் வைத்தார்.

"படி மாப்ளே."

படித்தேன். தலையை ஆட்டினார். அப்புறம்தான் சிரித்தார், ஐந்து வாரத்தில் முதல் தடவையாக. என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், இருவரும் கன்றுகளுக்கு நடுவே நடந்து போனோம்.